விண்ணப்பமா, மனுவா, புகாரா, மேல்முறையீடா? அரசு அலுவலகத்தில் தாள் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் தந்தை இறந்த பிறகு, அவர் பெயரில் இருந்த நிலத்தின் பட்டாவை அம்மா, தங்கை, நான் ஆகிய மூவர் பெயருக்கும் கூட்டுப் பட்டாவாக மாற்ற 11 மாதங்கள் ஆயின. எங்களிடம் ஆவணக் குறை பெரிதாக இல்லை, எதிர்த்தவர்களும் யாரும் இல்லை. விண்ணப்பம் கொடுக்க வேண்டிய இடத்தில் புகார் கொடுத்தேன். மேல்முறையீடு செய்ய வேண்டிய நேரத்தில் மறுபடியும் ஒரு மனு கொடுத்தேன். பேச்சு வழக்கில் இவை எல்லாவற்றையும் 'மனு' என்றே சொல்லிவிடுகிறோம். அலுவலகத்திலோ ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடும், தனிக் கால வரம்பும், அடுத்துப் போக வேண்டிய தனி வழியும் இருக்கின்றன. முதன்முறையாக வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ ஆட்சியரகத்துக்கோ போகிறவர்கள் இந்த வேறுபாடுகளைத் தெரிந்துகொண்டு போனால் பல மாதங்கள் மிச்சமாகும் என்பதால் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வருவாய்த் துறையிலிருந்தே வருகின்றன.

1. முதலில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்

தாளை எடுப்பதற்கு முன், உங்களுக்கு என்ன கிடைத்தால் இந்த வேலை முடியும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். 'எனக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும்' என்று அந்த வரி வந்தால் அது விண்ணப்பம். 'எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும்' என்றால் கோரிக்கை மனு. 'இன்ன ஊழியர் பணம் கேட்டார்' என்றால் புகார். 'இன்ன தேதியிட்ட ஆணை தவறு, அதை மாற்ற வேண்டும்' என்றால் மேல்முறையீடு. 'என் தாள் இப்போது யார் மேசையில் இருக்கிறது' என்றால் தகவல் கோரல்.

ஒரு வரியில் அடங்கவில்லை என்றால் உங்கள் கையில் இரண்டு மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன என்று பொருள். அவற்றைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்துவிடுங்கள். என்னுடைய முதல் தாளில் பட்டா மாறுதல், கிராம நிர்வாக அலுவலர் நேரில் கிடைக்காதது, பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டியது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தன. அதைப் பெற்ற அலுவலர், மூன்றில் தமக்கு எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதித் தாளையே முடித்துவிட்டார். அலுவலக நடைமுறைப்படி ஒரு தாளுக்கு ஒரு பதில் போனால் அது முடிந்த தாள்.

2. விண்ணப்பமும் கோரிக்கை மனுவும் ஒன்றல்ல

சட்டமோ அரசாணையோ ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கும் ஒன்றை, அதற்குரிய படிவத்தில், உரிய ஆவணங்களோடும் கட்டணத்தோடும் கேட்பது விண்ணப்பம். நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் அதிகாரி அதைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் காரணம் சொல்லி நிராகரிக்க வேண்டும். கோரிக்கை மனுவில் இந்தக் கட்டாயம் குறைவு. சாலை, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் போன்றவற்றை நிதியையும் தேவையையும் பார்த்து அரசு முடிவு செய்கிறது. 'பரிசீலிக்கப்படும்' என்ற ஒற்றைச் சொல் கோரிக்கை மனுவுக்கு முறையான பதிலாகிவிடும், விண்ணப்பத்துக்கு அது பதிலே ஆகாது. எனவே விண்ணப்பிக்க வழி இருக்கும் ஒன்றை ஒருபோதும் கோரிக்கை மனுவாக எழுதாதீர்கள். உங்கள் உரிமையை நீங்களே சலுகையாகக் குறைத்துக் கேட்பதாக அது ஆகிவிடும்.

பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகள் எல்லாம் இ-சேவை மையம் வழியாகக் கொடுக்கும் விண்ணப்பங்களே. இவற்றுக்கு மையத்தில் சேவைக் கட்டணம் ரூ.60. நிலத்தை உட்பிரிவு செய்து அளக்க வேண்டியிருந்தால் அதற்கான கட்டணம் தனி. முதன்முறை போகும்போது உங்கள் விவரங்களைப் பதிந்து 'கேன்' எண் ஒன்று கொடுப்பார்கள். பிற்பாடு எல்லாச் சான்றுகளுக்கும் அதே எண்தான் என்பதால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிசு முறையில் கூட்டுப் பட்டா கேட்பதற்கு நாங்கள் கொடுத்தவை: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தந்தை பெயரில் இருந்த கிரயப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பழைய பட்டா, மூவரின் ஆதார் நகல்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்பதால், பணம் கட்டிச் சான்று வாங்கும் முன் அங்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நான் தவறிய இடம் பெயர். பட்டாவில் தந்தையின் பெயர் 'ன்' என்று முடிந்திருந்தது, இறப்புச் சான்றிதழில் 'ர்' என்று முடிந்திருந்தது. மரியாதைக்காக யாரோ எழுதிய அந்த ஓர் எழுத்துக்காக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எல்லா ஆவணங்களையும் வரிசையாகப் பரப்பி வைத்து, பெயர், தலைப்பெழுத்து, தந்தை பெயர், புல எண் ஆகிய நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே மையத்துக்குப் போங்கள். வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையொப்பத்துடன் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

3. புகார் என்ற சொல்லை எப்போது பயன்படுத்துவது

புகாரில் ஒரு குற்றச்சாட்டு இருக்க வேண்டும்: யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் அல்லது செய்யத் தவறினார் என்பது. அதன் விளைவு விசாரணையும் நடவடிக்கையும். புகார் நிரூபணமானாலும் நீங்கள் கேட்ட சான்றிதழ் அதனால் உங்கள் கைக்கு வந்துவிடாது. இதை உணராமல்தான் நான் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், தாளின் தலையில் 'புகார் மனு' என்று எழுதிக் கொடுத்தேன். அது ஆட்சியரகத்திலிருந்து கோட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து வட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து நான் யாரைக் குறை சொன்னேனோ அந்தக் கிராம நிர்வாக அலுவலருக்கே அறிக்கைக்காகவும் போனது. மூன்று வாரம் கழித்து வந்த பதிலில், பட்டா மாறுதலுக்கு மனுதாரர் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்குமாறு தெரிவிக்கப்பட்டது என்றும், மனு முடிக்கப்பட்டது என்றும் இருந்தது. பதில் சரியானதுதான். நான் விண்ணப்பிக்கவே இல்லாத ஒன்றை அவர்கள் எப்படிக் கொடுக்க முடியும்?

காவல் நிலையத்தில் இந்தச் சொல் இன்னும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. நீங்கள் கொடுக்கும் புகாருக்கு 'சி.எஸ்.ஆர்.' என்று எல்லோரும் சொல்லும் மனு ரசீது கிடைத்தால், உங்கள் தாள் வாங்கப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே பொருள், வழக்குப் பதிவாகவில்லை. வழக்குப் பதிவானதற்கு அடையாளம் முதல் தகவல் அறிக்கை, அதன் நகலைத் தகவல் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால், அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி புகாரின் சாரத்தை எழுத்து வடிவில் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். மனு ரசீதை வைத்துக்கொண்டு 'எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு' என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

4. தாளை எழுதும் முறை

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, உள்ளடக்கம், இணைப்பு, இடம், நாள், கையொப்பம் என்ற வரிசை நம் எல்லோருக்கும் பள்ளியிலேயே பழக்கம். உங்கள் தாளின் போக்கைத் தீர்மானிப்பவை இதில் மூன்று இடங்கள்: பொருள் வரி, பார்வை வரி, கடைசி வாக்கியத்தின் வினைச்சொல்.

தபால் பிரிவில் இருப்பவர் உங்கள் தாளை முழுவதும் படிப்பதில்லை, பொருள் வரியைப் பார்த்தே எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று குறிக்கிறார். நான் முதலில் எழுதியது இது: 'பொருள்: எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த அநீதி தொடர்பாக.' இந்த வரி எந்தப் பிரிவுக்கும் பொருந்தாது. பின்பு ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் திருத்திக் கொடுத்தது இது: 'பொருள்: பட்டா மாறுதல் – இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இன்னது – விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – மேல்முறையீடு செய்தல் – தொடர்பாக.' துறை, இடம், எண், நடந்தது, வேண்டுவது என்று அந்த ஒரே வரியில் எல்லாம் வந்துவிடுகின்றன.

பார்வை வரியில் முந்தைய தாள்களின் எண்ணும் நாளும் வர வேண்டும். அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் 'ந.க.' என்று தொடங்கும் எண் உங்கள் கோப்பின் எண். அது இல்லாமல் நீங்கள் கொடுக்கும் அடுத்த தாள் புதிய தாளாகப் பதிவாகி, பழைய கோப்போடு சேராமல், முதலிலிருந்து நடக்கத் தொடங்கும்.

கடைசி வாக்கியத்தை 'இதனைத் தங்கள் மேலான கவனத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முடித்தால் நீங்கள் தகவல் மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள், அதைக் கோப்பில் சேர்த்து வைத்தால் போதும். 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பது அழகான தொடர்தான், ஆனால் எது ஆவது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. 'மேற்படி நிராகரிப்பு ஆணையை ரத்து செய்து, இணைப்பில் கண்ட மூன்று வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டா வழங்க உத்தரவிடுமாறு கோருகிறேன்' என்று எழுதினால், அதிகாரி அந்த ஒன்றுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். 'கோருகிறேன்' என்று எழுதினால் அதிகாரி கோபித்துக்கொள்வார் என்று என் அம்மா அஞ்சினார். உரிமை உள்ள ஒன்றைக் கேட்பதற்கு அலுவலகத் தமிழில் இருக்கும் முறையான சொல்லே அதுதான், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆட்சியரக வாசலில் மனு எழுதித் தருபவர்களிடம் போனால், பணம் கொடுப்பதற்கு முன் இந்த மூன்று இடங்களையும் படித்துப் பார்த்துவிடுங்கள். அவர்களிடம் தயாராக இருக்கும் வாசகம் பெரும்பாலும் 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்றே முடியும்.

5. கொடுத்ததற்குச் சான்று

தாளை இரண்டு படிகளாக எடுத்துப் போய், உங்கள் படியில் அலுவலக முத்திரையும் நாளும் வாங்குங்கள். குறைதீர்க்கும் கூட்டத்தில் கணினியில் பதிந்து எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டு தருவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. முதல்வரின் முகவரித் துறைக்கு இணையத்திலோ 1100 என்ற எண்ணிலோ மனுவைப் பதிந்தாலும் எண் கிடைக்கும், அதே தொலைபேசியில் நிலையைக் கேட்கலாம். ஆனால் இங்கே பதிபவை குறை மனுக்கள் மட்டுமே. இ-சேவை விண்ணப்பத்துக்கோ சட்டப்படியான மேல்முறையீட்டுக்கோ இவை மாற்று ஆகா.

நேரில் வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவுத் தபால் என்று கேட்டு, சென்று சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதின் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும், அன்றே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. காத்திருப்பு, நினைவூட்டல், தகவல் கோரல்

பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.09.2015 நாளிட்ட அரசாணை எண் 99, குறை மனுக்களுக்கு 3 நாட்களுக்குள் ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் சொல்கிறது. 30 நாள் கடந்ததும் இந்த அரசாணையைப் பார்வையில் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். நினைவூட்டில் புதிய செய்தி எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது நினைவூட்டாக இல்லாமல் புதிய மனுவாகி, நாள் கணக்கு மறுபடியும் தொடங்கிவிடும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் தகவல் கேளுங்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையைத் தாளில் ஒட்டினால் போதும், பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சட்டம் பதிவில் இருப்பதைத்தான் தரும், காரணம் விளக்காது, குறை தீர்க்காது. 'என் பட்டாவை ஏன் தரவில்லை?' என்று கேட்டால் 'கேள்வி வடிவில் உள்ளது' என்று திருப்பிவிடுவார்கள். 'இன்ன நாளில் நான் கொடுத்த மனு எந்த நாளில் எந்த அலுவலரிடம் சென்றது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், அதன்மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகலும் வேண்டும்' என்று கேளுங்கள். எனக்கு வந்த நகலில், என் தாள் ஒரே மேசையில் 47 நாட்கள் இருந்தது தெரிந்தது. அடுத்த கட்டத்தில் அது பெரிதும் உதவியது.

30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்குப் பிரிவு 19(1)-இன்கீழ் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் பிரிவு 19(3)-இன்கீழ் இரண்டாம் மேல்முறையீடு என்று போக வேண்டும். பிரிவு 18-இன்கீழ் ஆணையத்துக்கு நேரடியாகப் புகாரும் அனுப்பலாம். அது குறுக்குவழி போலத் தெரியும், ஆனால் அதில் உங்கள் கைக்குத் தகவல் வராது. பிரிவு 18-இன்கீழ் வரும் புகாரில் தகவலைத் தருமாறு ஆணையம் உத்தரவிட முடியாது, அபராதம் விதிப்பதோடு அதன் அதிகாரம் முடிகிறது என்று மணிப்பூர் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. தகவல் வேண்டுமென்றால் மேல்முறையீடு என்றே தலைப்பிடுங்கள்.

7. நிராகரித்துவிட்டால்

நிராகரிப்பு வந்தவுடன் அதன் காரணத்தைப் படித்து, அது உங்கள் பக்கக் குறையா, அதிகாரியின் தவறான முடிவா என்று பிரித்துப் பாருங்கள். ஆவணம் விடுபட்டிருந்தால் அதைச் சேர்த்து மறுபடியும் விண்ணப்பிப்பதே விரைவான வழி, இன்னொரு 60 ரூபாயோடு முடிந்துவிடும். ஆவணம் எல்லாம் இருந்தும் மறுத்திருந்தால் மேல்முறையீடு.

என் விஷயத்தில் உறுதிமொழிப் பத்திரத்துடன் இரண்டாம் முறை விண்ணப்பித்தும் அதே காரணத்தைச் சொல்லி மறுத்தார்கள். அப்போது நான் மீண்டும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன், தாள் மீண்டும் அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. குறை மனு கீழே இறங்கும் தாள், எந்த அலுவலகம் முடிவெடுத்ததோ அங்கேயே அறிக்கை கேட்டுப் போகும். மேல்முறையீடு மேலே போகும் தாள், முடிவெடுத்தவருக்கு மேலுள்ளவர் கோப்பை வரவழைத்து, இரு தரப்பையும் கேட்டு, தாமே ஆணையிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதங்கள் செலவாயின.

தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983-இன் பிரிவு 12-இன்கீழ் வட்டாட்சியரின் ஆணைமீது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருடைய ஆணையும் பாதகமாக இருந்தால் பிரிவு 13-இன்கீழ் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கோரலாம். மேல்முறையீட்டில் ஆவணங்களையும் உண்மைகளையும் முழுவதுமாக மறுபடியும் பார்க்கும்படி கேட்கிறீர்கள். சீராய்வில், கீழே இட்ட ஆணை சட்டப்படியும் முறைப்படியும் இருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி, ஆகவே புதுக் கதை சொல்லாமல் ஆணையில் இருக்கும் பிழையை எடுத்துக்காட்டி எழுதுங்கள்.

ஆணையின் கடைசிப் பத்தியில் மேல்முறையீட்டு அதிகாரியும் கால வரம்பும் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆணை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. தாமதமாகிவிட்டால், தாமதத்துக்கான காரணத்தை நாள்வாரியாகச் சொல்லி அதை மன்னிக்கக் கோரும் தனி மனுவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆணையின் நகல், முதல் விண்ணப்பத்துடன் கொடுத்த எல்லா ஆவணங்கள், ஒப்புகைகள், தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த நகல்கள் ஆகியவற்றுக்குப் பக்க எண்ணிட்டு ஒரு பட்டியலோடு தையுங்கள்.

கோட்டாட்சியர் எங்களை ஒருமுறை விசாரணைக்கு அழைத்தார். அசல் இறப்புச் சான்றிதழையும் பழைய பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உறுதிமொழிப் பத்திரத்தின் பக்க எண்ணைக் கேட்டார். பட்டியல் இருந்ததால் உடனே எடுத்துக் கொடுக்க முடிந்தது. ஐந்து வாரத்தில் ஆணை வந்தது.

8. நீதிமன்றம் வரை போக நேர்ந்தால்

அதிகாரி எந்த முடிவும் எடுக்காமல் இருந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். அதற்கு முன் அதே அதிகாரியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், கேட்டதற்கான ஒப்புகையும் கையில் இருக்க வேண்டும். உங்கள் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் ஆணையிடுமாறு நீதிமன்றம் சொல்வது வழக்கம். 'பரிசீலிக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்டது கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, அதிகாரி பரிசீலித்து மறுக்கவும் செய்யலாம். அந்த மறுப்பு ஆணைமீது மறுபடியும் மேல்முறையீடோ வழக்கோ தொடர வேண்டியிருக்கும்.

பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, புதிதாக ஒரு மனு கொடுத்து, அதற்கு வந்த பதிலை வைத்து வழக்குப் போடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். காலாவதியான கோரிக்கைக்கு அந்தப் பதில் புது உயிர் தராது என்று, தமிழ்நாட்டு அரசுத் துறை ஒன்றின் முன்னாள் ஊழியர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது. கால வரம்பு ஆணை கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் கடைசியாகக் கொடுத்த மனுவின் நாளிலிருந்து அல்ல.

வழக்கறிஞர் கட்டணம் கட்ட இயலாதவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வாரிசுகளில் ஒருவராக அம்மாவோ சகோதரியோ இருந்தால், அந்த உதவியை அவர் பெயரில் கேளுங்கள். அங்கே கொடுக்கும் தாளுக்கும் படிவம் உண்டு, அது விண்ணப்பம்.